கடைசிப் பத்தியில் ஒரு நோயாளி

என் தோளுக்குள் ஊசி உடைந்து கிடக்கிறது என்றுதான் முதலில் நம்பினேன். சும்மா கிடக்கவில்லை, நகர்கிறது என்றும் நம்பினேன். இரத்தத்தோடு மெதுவாக மிதந்துபோய், ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை இதயத்தில் குத்தும். நான் வரப்பில் நின்றபடியே போய்ச் சேர்வேன். ஏன் செவ்வாய்க்கிழமை என்று கேட்டால் பதில் இல்லை. பயத்துக்கு ஒரு கிழமை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

வீட்டில் இருந்த பழைய ரேடியோவை உடைத்து, அதிலிருந்த காந்தத்தைக் கழற்றி, தினமும் காலையில் வலது தோளில் வைத்துத் தேய்த்தேன். மார்புப் பக்கம் தொடங்கி வெளிப்பக்கமாக, மாட்டைத் தொழுவத்துக்கு ஓட்டுவதுபோல ஊசியை ஓட்டிக்கொண்டு வந்தேன். என் மனைவி மூன்று நாள் பேசாமல் பார்த்தாள். நான்காம் நாள், "ரேடியோவும் போச்சு. இனிமே இவரு தோள்ல காத வச்சுத்தான் செய்தி கேக்கணும்" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

தஞ்சாவூரில் எலும்பு டாக்டர் ஒருவர் படம் எடுத்துப் பார்த்தார். ஊசி இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது; ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேனே. ஊசி போட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். விரலால் அழுத்தினார். நான் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன்.

"இன்னும் ரெண்டு மூணு விரல் கீழ போட்டிருக்கணும். மூட்டுகிட்ட எறங்கியிருக்கு. உள்ள புண்ணாகி, தோள் இறுகிப் போச்சு."

"அப்படியே எழுதிக் குடுங்க சார்."

"இறுகியிருக்குன்னு எழுதித் தரேன். எதனாலன்னு எழுத மாட்டேன். அப்புறம் ஒங்கூட நானும் கோர்ட்டுக்கு அலையணும்."

தொண்ணூறுகளின் கடைசி அது. மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாம் ஊருக்கு ஊர் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் தாராசுரத்துக்கு மேற்கே, அரசலாற்றுப் பாசனம். கும்பகோணத்துத் தனியார் மருத்துவமனை ஒன்று எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டு, பாதி விலைக்கு ஊசி என்று நோட்டீஸ் விட்டது. பாதி விலை என்றால் நாங்கள் விஷத்துக்கும் வரிசையில் நிற்போம்.

ஊசி போட்ட பெண், "எந்தக் கையில போடட்டும்?" என்று கேட்டாள். இடது கையை நீட்டுவது மரியாதை இல்லையே என்று வலது கையைக் கொடுத்தேன். ஊசிக்கும் திருநீற்றுக்கும் அந்த நேரத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சட்டையைக் கழற்றச் சொன்னாள். பின்னால் நின்றவர்கள் எல்லாம் பெண்கள். என் பனியனிலோ ஓர் எலி ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியே வரலாம். சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தேன், முழங்கைக்கு மேல் ஏறவில்லை. ஆகவே மேல்பொத்தான் இரண்டைக் கழற்றி, காலரைக் கீழே இழுத்து, தோளின் உச்சியை மட்டும் வெளியே எட்டிப் பார்க்க வைத்தேன். அவளுக்கு முன்னால் நூறு பேர். தெரிந்த இடத்தில் குத்திவிட்டாள்.

அன்று சாயங்காலமே வலி பிடித்தது. பத்து நாளில் கை மேலே போகவில்லை. முதுகுப் பக்கம் போகவே இல்லை. தலை சீவ, சட்டை மாட்ட, எல்லாவற்றுக்கும் இன்னொருவர் வேண்டும். கும்பிடுகூடத் தொப்புளுக்கு மேல் ஏறவில்லை. ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் எதிரில் வந்தபோது என்னால் ஆனமட்டும் கும்பிட்டேன். அவர் சைக்கிளை நிறுத்தி, "என்ன, அந்தப் பக்கம் போயிட்டீங்களா? வணக்கம் பாதியிலேயே நிக்கிது?" என்றார். ஆட்சி மாறியதும் அடுத்த கட்சிக்காரரும் அதையே கேட்டார்.

சிரிக்க முடியாதது, மண்வெட்டி பிடிக்க முடியாமல் போனது. எங்களுக்கு இருந்தது ஒன்பது மா நிலம், மூன்று ஏக்கர், குத்தகைக்கு. அந்த வயலில் என் அப்பா பண்ணையாளாக இருந்தவர். கூலி உயர்வு கேட்டு வரப்புகளில் கொடி ஏறிய காலத்தில் அடியும் வாங்கி, கேஸும் வாங்கி, கடைசியில் அதே வயலுக்குக் குத்தகைக்காரர் என்று அரசாங்கப் பதிவேட்டில் பெயர் ஏற்றிக்கொண்டார். அவருக்குப் பிறகு என் பெயர் ஏறியது. எந்தக் கட்சி வந்தாலும் அந்தப் பெயரை அழிக்க முடியாது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நிலக்காரரும் செத்துப்போய், அவர் மகன் சென்னை உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று ஊருக்கு வந்திருந்தார். வயல் ரோட்டோரம். அவர் கண்ணுக்கு அதில் நாற்று தெரியவில்லை, மனைக்கல் தெரிந்தது. எங்களை வெளியேற்ற ஒரு காரணம் வேண்டும் என்று நாலைந்து வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்தக் காரணத்தை நானே எழுதிக் கொடுத்தேன். அழகான தமிழில்.

எங்கள் தெருவில் மனு எழுதுவது நான்தான். பள்ளிக்கூடத்தை முடித்தவன், கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும், வாயும் சும்மா இருக்காது. மனு என்றால் எனக்கு ஒரு கணக்கு உண்டு. முதல் பத்தியில் விவரம், இரண்டாம் பத்தியில் கஷ்டம், கடைசிப் பத்தியில் ஒரு நோயாளி. நோயாளி இல்லாத மனுவை எந்த ஆபீஸிலும் மேசை விட்டு மேசை நகர்த்த மாட்டார்கள் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்பினோம். காலனி வீடு கேட்டவருக்கு, செத்துப் பத்து வருடம் ஆன தாயாரைப் பக்கவாதத்தில் படுக்க வைத்தேன். மாட்டுக் கடன் கேட்டவர் கல்யாணமே ஆகாதவர். அவருக்கும் பேறுகாலத்தில் நலிந்த மனைவி ஒருத்தியைக் கொடுத்தேன். வீடும் கிடைத்தது, மாடும் கிடைத்தது. மனைவி மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை என்று அவர் இன்றைக்கும் என்னைத் திட்டுகிறார்.

கும்பகோணத்தில் எங்கள் குத்தகை விவகாரங்களைப் பார்க்கும் வக்கீலிடம் போனேன். தோளைப் பார்க்கவில்லை, ரசீது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது.

"சர்க்கார் ஆஸ்பத்திரியில சும்மா போட்டிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. நீ காசு குடுத்திருக்கே. அதனால நீ நுகர்வோர்யா. நுகர்வோர் கோர்ட்டுல நஷ்ட ஈடு கேக்கலாம்."

நான் நுகர்வோர்! அப்பா பண்ணையாளிலிருந்து குத்தகைக்காரர் ஆனார், நான் குத்தகைக்காரனிலிருந்து நுகர்வோர் ஆனேன். பஸ்ஸில் வரும்போது அந்த வார்த்தையை நாலு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"ஒங் கஷ்டத்த நீயே எழுதிட்டு வா. நான் சட்டத்தச் சேத்துக்கிறேன்" என்று வக்கீல் சொல்லியிருந்தார். இரண்டு நாள் உட்கார்ந்தேன். இடது கையால் எழுத வராது. வலது முழங்கையைப் பலகையில் ஊன்றிக்கொண்டு, வலிக்க வலிக்க எழுதினேன். 'மண்வெட்டியை இனி இப்பிறவியில் என் கை தொடாது' என்று ஒரு வரி. அதை எழுதியதும் எனக்கே கண் கலங்கியது. கடைசிப் பத்தி வந்தது. கை பழக்கத்தில் ஓடியது. 'ஒரே மகளும் திருமணமாகிச் சீர்காழிப் பக்கம் சென்றுவிட்டாள். என் மனைவியோ நீண்டகால நோயாளி. வயலில் இறங்கும் நிலையில் அவர் இல்லை. எங்கள் குடும்பத்தில் உடலால் உழைக்க இனி ஒருவரும் இல்லை.'

நான் இதை எழுதிய நேரத்தில் அந்த நீண்டகால நோயாளி எங்கள் வயலில் முழங்கால் சேற்றில் குறுவை நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் வந்து குளித்து, எனக்குச் சோறு பிசைந்து கிண்ணத்தில் கொடுத்துவிட்டு, மறுபடி வயலுக்குப் போனாள். எழுதிய தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவளிடம் படித்துக் காட்டவில்லை. காட்டத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை.

வக்கீல் அதை அப்படியே தட்டச்சு செய்யச் சொல்லி, உறுதிமொழிப் பத்திரமாக்கி, என் கையெழுத்தை வாங்கி நுகர்வோர் கோர்ட்டில் போட்டார். மருத்துவமனை பதில் கொடுத்தது: எங்கள் ஊழியர் பயிற்சி பெற்றவர், மனுதாரர்தான் சட்டையைக் கழற்ற மறுத்துத் தோளின் உச்சியைக் காட்டினார்.

"காட்டினியா?" என்றார் வக்கீல்.

"காட்டினேங்க."

"ஏன்யா?"

"பனியன் கிழிஞ்சிருந்துச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சரி, பரவாயில்ல. நீ எதக் காட்டினாலும், போட வேண்டிய எடத்துல போடுறது அவங்க வேலை. கேஸ் நிக்கும்." அவர் அன்று சொன்னது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். அந்த ஒரு விஷயத்தில் நியாயம் என் பக்கம் இருந்தது.

மூன்றாம் மாதம் தபாலில் ஒரு சம்மன் வந்தது. மருத்துவமனை விஷயமாக இருக்கும் என்று கொஞ்சம் மிதப்பாகத்தான் பிரித்தேன். தஞ்சாவூர் வருவாய் நீதிமன்றம். குத்தகைத் தகராறுகளை விசாரிக்கும் கோர்ட். நிலக்காரரின் மகன் போட்ட தாவா: எதிர்மனுதாரர் நிலத்தில் தன் உடலுழைப்பைச் செலுத்துவதில்லை, ஆகவே அவர் குத்தகைக்காரர் என்ற தகுதியை இழந்தார், நிலத்தை ஒப்படைக்க உத்தரவிட வேண்டும். ஆதாரம் ஒன்றே ஒன்று, முத்திரை குத்திய நகல். நுகர்வோர் கோர்ட்டில் நான் போட்ட மனு.

படித்ததும் நான் செய்த முதல் காரியம், மண்வெட்டியை எடுத்து இடது தோளில் வைத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனதுதான். நாலு பேர் பார்க்க வேண்டும். டீக்கடை வழியாகப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். மூன்றாவது தடவை பெஞ்சில் இருந்த ஒருவன், "என்ன மாமா, மம்பட்டிக்கு மாப்பிள்ள பாக்கப் போறீங்களா? தூக்கிட்டே அலையிறீங்க?" என்றான். அதோடு விட்டேனா? வயலில் இறங்கி இடது கையால் வரப்பு வெட்டினேன். வெட்டியது பக்கத்து வயல்காரரின் வரப்பு. அவருடைய தண்ணீர் முழுவதும் எங்கள் வயலுக்கு வந்துவிட்டது. உழைக்கிறேன் என்று காட்டப்போய், தண்ணீர் திருடுகிறேன் என்று அன்று பஞ்சாயத்து நடந்தது.

வக்கீலிடம் ஓடினேன். சம்மனைப் படித்தார். என் மனுவை எடுத்துப் படித்தார். கடைசிப் பத்திக்கு வந்ததும் நிறுத்தினார்.

"குத்தகைக்காரன்னா சொந்த உழைப்பு குடுக்கணும். ஒனக்கு முடியலன்னா குடும்பத்துல ஒருத்தர் குடுத்தாப் போதும், சட்டம் அத ஒத்துக்குது. இது ஒன்னக் காப்பாத்தியிருக்கும். ஒம் பொண்டாட்டி வயலுக்குப் போறாங்கள்ல?"

"தினமும் போறாங்க."

"அப்ப இது என்ன?"

"அது சும்மா... மனுவுல வழக்கமா போடுறது."

"ரெண்டு கதவையும் உள்ளேர்ந்து பூட்டிட்டு, சாவிய அவன் கையில குடுத்திருக்கியேய்யா."

எனக்குக் கோபம் வந்தது. "நீங்க படிச்சுட்டுத்தான கையெழுத்து வாங்கினீங்க?"

அவர் மனுவை மடித்துக் கட்டுக்குள் வைத்தார். "தோளப் பாத்துப் படிச்சேன். நிலத்தப் பாத்துப் படிக்கல" என்றார்.

மனைவியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது ஒன்றுதான் வழி. அவளிடம் சொன்னேன். "வயல்ல வேல செய்யிறியான்னு கேப்பாங்க. உள்ளதச் சொன்னாப் போதும்."

"உள்ளதச் சொல்றதுக்கு என்ன பயம்? என்னமோ மாதிரி மூஞ்சிய வச்சிருக்கீங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்தா நாள் வரைக்கும் பதினைந்து நாள் இருந்தது. தினமும் சொல்லலாம் என்று ஆரம்பித்து, வேறு ஏதாவது ஒரு வேடிக்கையைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுப் போய்விடுவேன். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பத்தியை மறந்துவிடுவார் என்றுகூட நம்பப் பார்த்தேன். அவர்கள் போட்ட தாவாவே அந்தப் பத்தியின் மேல்தான் நின்றது.

எங்களுக்காகச் சாட்சி சொல்வதாக இருந்த இரண்டு பேர் அன்று வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களும் குத்தகைக்காரர்கள், அவர்களுக்கும் நிலக்காரர் உண்டு.

அவள் கூண்டில் ஏறினாள். தஞ்சாவூர் போவதற்கென்று கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் நல்ல மரியாதையாகத்தான் தொடங்கினார்.

"ஒங்க ஒடம்புக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்லீங்களே."

"வயல்ல எறங்கி எத்தன வருஷமாச்சு?"

"இன்னிக்குக் காலையில எறங்கி ஏறிட்டுத்தான் வர்றேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு காலக்கூடச் சரியாக் கழுவல. பாருங்க."

அறையில் சிரிப்பு எழுந்தது. விசாரிக்கும் அதிகாரியும் சிரித்தார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. எதிர்த்தரப்பு வக்கீலும் சிரித்தபடியே ஒரு தாளை எடுத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தார். 'என் மனைவியோ நீண்டகால நோயாளி. வயலில் இறங்கும் நிலையில் அவர் இல்லை.' இரண்டு முறை படித்தார்.

"இது ஒங்க வீட்டுக்காரர் கையெழுத்துதானே?"

அவள் தாளைப் பார்த்தாள். கையெழுத்துப் போடுகிற அளவுக்கு அவளுக்குப் படிப்பு உண்டு. "ஆமாங்க."

"சத்தியம் பண்ணிப் போட்ட கையெழுத்து. அவர் எழுதினது பொய்யா, நீங்க இப்ப சொல்றது பொய்யா? ஒண்ணச் சொல்லுங்கம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். எத்தனையோ தடவை முறைத்துப் பார்த்திருக்கிறாள். இது முறைப்பு இல்லை. யாரோ தெரியாத ஆள் வாசலில் நின்றால் யார் என்று பார்ப்போமே, அந்த மாதிரி. நான் கீழே பார்த்தேன்.

"அவரு எழுதினது பொய்யிங்க" என்றாள். அதிகாரி பக்கம் திரும்பி, "அவருக்கு எழுத வரும். நான் நட்டத எழுதி வைக்க எனக்கு வராது" என்றாள்.

அதிகாரி குனிந்து எழுதிக்கொண்டார். அந்த வக்கீல் அடுத்துக் கேட்டது ஒரே கேள்வி. குத்தகைப் பதிவேட்டிலோ, சாகுபடிக் கணக்கு எழுதும் அடங்கலிலோ, எந்தக் காகிதத்திலாவது உங்கள் பெயர் இருக்கிறதா? இல்லை. அவளைப் பற்றி எழுதியிருந்த ஒரே காகிதம் அவர் கையில் இருந்தது. அதில்தான் அவள் நோயாளியாகப் படுத்திருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் முன்பக்கம் உட்கார்ந்தாள், நான் பின்னால் நின்றேன். எங்கள் ஊரில் இறங்கி வாய்க்கால் கரையில் நடக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"என்ன நோயின்னு எழுதினீங்க?"

"நோய் பேரு ஒண்ணும் எழுதல. பொதுவா நோயாளின்னுதான்..."

"ஒரு பேராவது வச்சிருக்கலாம்" என்றாள்.

மறுநாள் விடிவதற்கு முன்பே களை பறிக்கப் போய்விட்டாள். எனக்குச் சோறு பிசைந்து வைத்திருந்தாள். அதைச் சாப்பிட எனக்கு வெகுநேரம் ஆனது.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வேடிக்கை எதுவும் வரவில்லை. என் மனைவியின் சாட்சியத்தை மருத்துவமனையின் வக்கீல் நகல் வாங்கி நுகர்வோர் கோர்ட்டில் கொடுத்தார். எழுதியது பொய் என்று மனைவியே சொல்லியிருக்கும்போது தோளைப் பற்றி எழுதியதை மட்டும் எப்படி நம்புவது என்று கேட்டார். காரணத்தை எழுதித் தர டாக்டர் கடைசிவரை ஒப்பவில்லை. மனு தள்ளுபடி ஆனது. வருவாய் நீதிமன்றத்தில், சத்தியம் செய்து கொடுத்த பத்திரத்தை வாய்ச்சொல்லால் மாற்ற முடியாது என்று சொல்லி எங்களை வெளியேற்ற உத்தரவு போட்டார்கள். மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

சம்பா அறுக்கும்வரை விட்டார்கள். தை கடைசியில் கோர்ட் அமீனா வந்து நாலு மூலையிலும் நின்று பார்த்து, நிலம் ஒப்படைக்கப்பட்டதாக எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். அடுத்த ஆடிக்குள், ஊசியும் இல்லாமல் மருந்தும் இல்லாமல், தோள் தானாக இளகி, கை முழுவதும் மேலே போக ஆரம்பித்தது. இப்போது நான் மண்வெட்டி வேலைக்குக் கூலிக்குப் போகிறேன். அவள் அடுத்த ஊருக்கு நடவுக்குப் போகிறாள். ஒன்பது மாவும் மனையாகிவிட்டது.